கரையில் நின்றவள் கையசைக்கவில்லை

குமரா,

படத்தை நான் வேண்டுமென்றேதான் அழித்தேன். ஜன்னல் திரை காற்றில் ஆடி உரசிவிட்டது என்று உன்னிடம் சொன்னது பொய். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் தள்ளிப் போட்டாலும் எனக்குத் தைரியம் போய்விடும். நீ வீட்டைவிட்டுப் போய் இன்றோடு நாலு நாள். போனை எடுப்பதில்லை. குருசுக்குப்பத்தில் உன் சிநேகிதன் அறையில் இருக்கிறாய் என்று தெரியும். வந்து கதவைத் தட்ட எனக்குத் தெரியாதா? தட்டினால் திறப்பாய். திறந்தால் உன் முகத்தைப் பார்ப்பேன். பார்த்தால் மறுபடியும் ஒரு பொய்தான் வாயில் வரும். முப்பது வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியே பழகியவள் நான். அதனால்தான் எழுதுகிறேன். இதையே ஒரு படியெடுத்து பிரான்சில் இருக்கும் உன் அத்தைக்கும் அனுப்புகிறேன். ஒருத்தருக்குச் சொல்லி ஒருத்தருக்கு மறைத்துப் பட்டதெல்லாம் போதும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கூடத்துச் சுவரில் காலண்டரைக் கழற்றிவிட்டு ஆள் உயரக் காகிதத்தை மாட்டினாய். எத்தனை வாரம் மொட்டை மாடியில் உட்கார்ந்து வரைந்தாயோ, என் கண்ணில் காட்டவே இல்லை. "கை வைக்காதம்மா, கரி ஒட்டிக்கும். நான் போய் ஸ்ப்ரே வாங்கிட்டு வந்துடறேன், அது அடிச்சாதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பார்த்தேன். அரியாங்குப்பம் ஆறு. பார்த்ததுமே தெரிந்தது. அலையாத்திச் செடி, தண்ணீர் வற்றும் நேரத்துச் சேறு, தூரத்தில் கடலூர் ரோட்டுப் பாலம். ஆற்று நடுவில் ஒரு படகு. படகில் நான். என் மடியில் ஐந்து வயதில் நீ. காற்றுக்கு மறைப்பது போல என் கை உன் முகத்தின் மேல் இருக்கிறது. நமக்குப் பின்னால், நம் வீடு இருக்கும் உப்பளத்துப் பக்கத்துக் கரையில், உன் அப்பாவின் அக்கா நிற்கிறார். ஒரு கையைத் தூக்கி, போய்விட்டு வா என்று அசைக்கிறார். கீழே மூலையில் 'வழியனுப்பல்' என்று எழுதியிருந்தாய்.

என் இஸ்திரிப் பெட்டியில் அணைந்த கரியை எடுத்து மூன்று வயதில் தரையில் கிறுக்கியவன் நீ. அதற்காக முதுகில் ரெண்டு போட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை இப்படி வரைவான் என்று யார் கண்டது. அவ்வளவு நன்றாக இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் நீ வரைந்தது நடந்ததை இல்லை, நான் சொல்லிக்கொடுத்ததை. படகில் போனது உனக்கு மங்கலாக ஞாபகம் இருந்தது. கரையில் அத்தை கையைத் தூக்கியதும் ஞாபகம் இருந்தது. நீ கேட்கும்போதெல்லாம், "வீடு மாத்திக்கிட்டு மாமா ஊட்டுக்குப் போனோம்டா, அத்தை வந்து வழியனுப்பிச்சாங்க" என்று மிச்சத்தை நான்தான் போட்டு நிரப்பினேன்.

கரையில் நின்றவர் மேல் உள்ளங்கையை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தேன். துணியில் போடுகிற சாக்பீஸ் கோடு தட்டினால் போய்விடும். கை அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டது. கரி போகவில்லை, பரவியது. தலையும் இல்லாமல் காலும் இல்லாமல் கறுப்பாக ஒரு தீற்றல், கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கிப் படகு வரைக்கும் வந்து நின்றது. நீ திரும்பி வந்து அதன் முன்னால் நின்றாய். கையில் ஸ்ப்ரே டப்பா.

"யார் கை வச்சது?"

"திரை ஆடிச்சு போல."

"கைய காட்டும்மா."

நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். நீ மறுபடி கேட்கவில்லை. உன் அப்பாவுக்கும் அதே குணம், ஒரு தரம் கேட்பார், அப்புறம் கேட்க மாட்டார். "எது பிடிக்கலன்னு வாயால சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாய். நான் போய் மிஷினில் உட்கார்ந்து யாருடைய ஜாக்கெட்டுக்கோ கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன்.

அதற்கு முதல் நாள்தான் அத்தை போன் செய்திருந்தார். நீ அவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாய். பிரான்சில் ஓவியர்களைக் கூப்பிட்டு ஆறு மாதம் தங்கவைக்கிற இடத்தில் உனக்கு அழைப்பு வந்ததையும், போகும்போது இந்தப் படத்தைக் கொண்டுபோய் அவருக்கே கொடுக்கப்போவதையும். "அவன் ஆத்தை வரைஞ்சிருக்கானாமே. நான் கை ஆட்டிக்கிட்டு நிக்கிறேனாமே. அதை எடுத்தாந்து என் ஊட்டு செவுத்துல மாட்டுவானாம். நான் அதைத் தினம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?" என்றார். "இத்தினி வருஷம் வாயத் தொறக்கல. இனிமே முடியாது. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை நாளை மறுநாள். அதற்கு முன்னால் நாளைக்கு, வியாழக்கிழமை, உனக்கு விசா நேர்காணல். அந்தப் படிவத்தை நீ என்னிடம் காட்டினாய். 'வேறு பெயர் ஏதாவது உண்டா' என்று ஒரு கேள்வி. "ஆமா, ஊருக்கு ஒரு பேரு" என்று சிரித்துவிட்டு, இல்லை என்று போட்டாய்.

இருக்கிறது குமரா. உனக்கு இன்னொரு பெயர் இருக்கிறது. மனோகரன். அத்தை உன்னை மனோ மனோ என்பதைச் செல்லப் பெயர் என்று சொல்லி வைத்திருந்தேன். அது செல்லப் பெயர் இல்லை, காகிதத்தில் இருக்கிற பெயர். பிரெஞ்சுக்காரர்களுடைய குடும்பப் பதிவுப் புத்தகம் ஒன்று உண்டு, லிவ்ரே என்பார்கள். அத்தை வீட்டு லிவ்ரேயில் பிள்ளைகளுக்கான பக்கத்தில் நீ இருக்கிறாய். தகப்பன் பெயர் அத்தை வீட்டு மாமா பெயர். தாய் பெயர் சரோஜா, உன் அத்தை.

நீ இதைப் படித்துவிட்டு முதலில் கேட்கப்போவது எனக்குத் தெரியும். நான்தான் உன்னைப் பெற்றேன். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பெற்ற இடத்தில் என் பெயரைச் சொல்லவில்லை. அத்தையைக் கட்டியவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நம் ஊரில் மாப்பிள்ளை பார்க்கும்போது மூக்கு முழியைப் பார்ப்பதற்கு முன்னால் பிரெஞ்சுக் குடியுரிமைப் பேப்பர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், உனக்கே தெரியும். நீ வயிற்றில் இருந்தபோது அத்தை லீவில் வந்து நம்மோடு தங்கினார். உன் அப்பாதான் பேச்சை எடுத்தார். "அக்கா பேர்ல பதிஞ்சிட்டா பையன் அங்கேயே படிச்சி ஆளாயிடுவான். நாம பெத்தது நமக்கு இல்லாம போயிடுமா?" என்றார். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கையைப் பிடித்து இழுத்தார்கள், காலைப் பிடித்துக் கெஞ்சினார்கள் என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இருபத்தி நாலு வயசு, பிரான்ஸ் என்ற சொல்லைக் கேட்டு எனக்கே கண் விரிந்தது. சரி என்று தலையாட்டினேன்.

பிரசவத்துக்குப் போன இடத்தில் பெயர் கேட்டார்கள். சரோஜா என்றேன். வயது கேட்டார்கள். முப்பத்தி நாலு என்றேன். நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாத்தா தெரியலியே, நல்லா வச்சிருக்காரு வூட்டுக்காரரு" என்று சிரித்தாள். ஐந்து நாள் அங்கே இருந்தேன். சரோஜா என்று கூப்பிட்டால் நான் திரும்ப வேண்டும். ஒரு தரம் அத்தையும் நானும் சேர்ந்து திரும்பிவிட்டோம். அன்றைக்கு ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்தோம் என்பதையும் எழுதிவிட வேண்டும் இல்லையா? அங்கிருந்தவர்கள் நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள், அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. பொய் என்னுடையது.

ஐந்து வயது வரைக்கும் நீ என்னிடம் இருப்பது, பள்ளிக்கூடம் சேர்க்கிற வயதில் அவர்கள் வந்து அழைத்துப் போவது என்று பேச்சு. ஐந்து வருஷம் என்பது அப்போது முடிவே இல்லாத காலமாகத் தெரிந்தது. வந்துவிட்டார்கள். டிக்கெட், பெட்டி எல்லாம் தயார். அங்கே குளிரும் என்று உனக்கு நீலத்தில் ஒரு கோட்டு நானே தைத்தேன். புறப்பட வேண்டிய அன்று காலை கரி போட்டு அதற்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் அத்தை உன்னை முன்னால் நிற்கவைத்து ஏர்போர்ட்டில் பேச வேண்டியதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உன் பேரு என்ன?"

"மனோகரன்."

"உங்க அம்மா பேரு?"

"சரோஜா."

"அம்மா எங்க இருக்காங்க?"

நீ அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இதோ" என்றாய். சொல்லிவிட்டு, விளையாட்டில் ஜெயித்த மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். ஒரு தப்பு இல்லை. நீ எப்போதுமே சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிற பிள்ளை. கோட்டுக் காலர் கருகுகிற நாற்றம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அத்தை குளிக்கப் போனார். உன் அப்பாவும் மாமாவும் வாடகைக் கார் பேச வெளியே போயிருந்தார்கள். நான் உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தேன். பாலத்து ரோட்டில் போனால் அவர்கள் கண்ணில் படுவேன். தேங்காய்த்திட்டுப் பக்கம் ஆற்றுக்கு இறங்கினேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "அக்கரையில எங்க அண்ணன் வூடு, அவசரம்ணா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் படகைத் தள்ளினார். செருப்பு சேற்றோடு போயிற்று.

அரியாங்குப்பத்தில் உன் தாய்மாமன் வீட்டில் மூன்று மாதம் இருந்தோம். அண்ணன் வாசலில் உட்கார்ந்துகொண்டு, "எவன் வரான்னு பாக்கறேன்" என்றார். பிள்ளையைக் கேட்டு யாரும் வரவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அத்தை சண்டை போட்டிருக்கலாம். அவர் கையில் இருந்த காகிதப்படி நான் இன்னொருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள். ஒரு புகார் கொடுத்திருந்தால் நான் உள்ளே போயிருப்பேன். கொடுக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாக விமானம் ஏறிப் போய்விட்டார்கள். பத்தாம் நாள் உன் அப்பா வந்தார். "அக்கா போயிட்டாங்க" என்றார். அதற்குமேல் அந்த நாளைப் பற்றி அவர் சாகிற வரைக்கும் பேசவில்லை. பிறகு ஒரு மருத்துவச்சியை அழைத்துப் போய், நீ அக்கரையில் வீட்டிலேயே பிறந்த பிள்ளை என்று சொல்லவைத்து, குமரன் என்று புதிதாகப் பதிந்தேன். அங்கேயும் பொய் என்னுடையதுதான். தேதியை மூன்று நாள் தள்ளிப் போட்டேன், ரெண்டு காகிதமும் ஒன்றாகத் தெரியக் கூடாது என்று. ஆற்றுக்கு இந்தக் கரையில் நீ சரோஜா மகன் மனோகரன். அந்தக் கரையில் என் மகன் குமரன்.

ஒவ்வொரு வருஷமும் உன் பிறந்த நாளுக்கு மூன்று நாள் முந்தி அத்தையிடமிருந்து வாழ்த்து அட்டை வரும், போன் வரும். "இந்த அத்தைக்குத் தேதியே ஞாபகம் நிக்காதா?" என்று நீ கேலி செய்வாய். நானும் கூடச் சேர்ந்து, "வயசாயிடிச்சி அவங்களுக்கு" என்பேன். குமரா, தேதி சரியாக ஞாபகம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நீ பிறந்த நாளன்று ஒரு வருஷம்கூட நான் உனக்குப் பாயசம் வைத்ததில்லை, மூன்று நாள் கழித்துத்தான் வைத்திருக்கிறேன். மாமா போன பிறகு அவர் அங்கே தனியாக இருக்கிறார். லிவ்ரேயில் உன் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறதாம். எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை, எடுக்கிறேன் என்று அவரும் சொல்லவில்லை.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. இதுவரைக்கும் இந்தப் பொய் என்னுடையது. நாளைக்கு அந்தப் படிவத்தோடு நீ போய் நின்றால் அது உன்னுடையதாகிவிடும். அதனால் போவதற்கு முன்னால் ரெண்டு பிறப்புச் சான்றிதழையும் பார்த்துக்கொள், இன்று சாயங்காலமே உன் கைக்குக் கொடுத்தனுப்புகிற இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். விவரம் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார். உன் ஆறு மாதம் கைவிட்டுப் போகலாம். இந்த வருஷம் போக முடியாமலே ஆகலாம். அல்லது அவர்கள் உன்னை எங்கள் ஊர்ப் பிள்ளைதானே என்று அங்கேயே வைத்துக்கொள்ளலாம், நீயும் இருந்துவிடலாம். இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அப்படி நடந்தால் நடக்கட்டும். பிழை செய்தவள் யார் என்று யார் கேட்டாலும் என் பெயரைச் சொல். என் சொந்தப் பெயரை. எங்கே கூப்பிட்டாலும் வந்து நின்று ஒத்துக்கொள்கிறேன். உனக்கு நாளைக்குப் பிள்ளை பிறந்தால், அதற்கு நல்லது செய்வதாக நினைத்து அதன் பெயரிலோ தேதியிலோ கை வைக்காதே. நல்லது என்றுதான் நாங்களும் ஆரம்பித்தோம்.

படத்தைப் பற்றி இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுதான் நேற்று முழுக்க யோசித்தேன். மறுபடி வரைவாய் அல்லவா, சரியாக வரை. அத்தை கையசைக்கவில்லை. பாதிக் குளியலில் ஓடி வந்தவர், ஈரத் தலை, காலில் செருப்பில்லை. கரையில் நிற்கவுமில்லை. தண்ணீரில் இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டார், நீச்சல் தெரியாது அவருக்கு. நான் கையால் இழுத்த கரி எங்கே போய் நின்றதோ கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் வந்தார். கையைத் தூக்கிக்கொண்டு, "மனோ, மனோ" என்று கூப்பிட்டார். படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நீ என் மடியில் எழுந்து நின்று, அவரைப் பார்த்து, காலையில் சொல்லிக்கொடுத்தபடியே, "என்னம்மா" என்றாய்.

ரெண்டாவது தரம் சொல்ல வாயைத் திறந்தாய். நான் உன் வாயைப் பொத்தினேன். அக்கரை போய்ச் சேருகிற வரைக்கும் எடுக்கவில்லை. நீ படத்தில் என் கையை அங்கேதான் வைத்திருக்கிறாய், இடம் கொஞ்சமும் பிசகவில்லை. அது காற்றுக்கு மறைத்த கை இல்லை. அதே கையால்தான் அன்றைக்கு உன் படத்தை அழித்தேன். கழுவிவிட்டேன், ஆனாலும் ரேகைக்குள் கொஞ்சம் கறுப்பு இருக்கிறது. நீ காட்டச் சொன்னாய். வா, காட்டுகிறேன்.

உப்பளத்திலிருந்து,
உன்னைப் பெற்றவள்